மேஜர் முடிவாகவில்லை, அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

அமெரிக்கக் கல்லூரியில் சேரப்போகும் உங்களுக்கு மேஜர், அதாவது பட்டத்துக்கான முதன்மைப் பாடம், இன்னும் முடிவாகவில்லை. "எதுக்குப் படிக்கிறேன்னே தெரியாம நாலு வருஷம் ஃபீஸ் கட்டணுமா" என்று அப்பா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனால் ஆர்வம், கனவு என்று ஆரம்பிக்காமல் கணக்கோடு உட்காருங்கள்.

அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் தரப்படும் மதிப்பு அலகு) தேவை. அதில் கணிசமான பங்கு எல்லாருக்கும் பொதுவான பாடங்கள். பெரும்பாலான இடங்களில் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் மேஜரை அறிவித்தால் போதும். கல்லூரித் தளத்திலிருந்து உங்களுக்குப் பிடித்த மூன்று மேஜர்களின் நான்காண்டுத் திட்டத்தை அச்செடுத்து, மூன்றிலும் வரும் முதல் செமஸ்டர் பாடங்களை அடிக்கோடிட்டு அவர் முன்னால் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இன்ஜினியரிங், நர்சிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆகியவற்றுக்கு வேறு மேஜரிலிருந்து பின்னால் மாறுவது பல இடங்களில் மிகக் கடினம். இவற்றில் ஒன்று மனதில் இருந்தால் இப்போதே அதிலேயே சேருங்கள். அங்கிருந்து வெளியே வருவது சுலபம். சேர முடியாவிட்டாலும் கால்குலஸை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது தள்ளிப்போனால் பிசிக்ஸும் தள்ளிப்போகும், பிறகு ஐந்தாம் வருட ஃபீஸ்தான். ஸ்காலர்ஷிப் ஏதாவது குறிப்பிட்ட மேஜரோடு கட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, அப்பாவுக்கு ஒரு தேதி கொடுங்கள்: முதலாண்டு முடியும் மே மாதம் மூன்று மேஜர்களில் ஒன்றை முடிவு செய்து சொல்கிறேன் என்று.