செண்டுமல்லி நட எந்த மாதம் நல்லது?

நிலத்தை உழுதுவிட்டு, நாற்றுக்குச் சொல்வதற்கு முன்னால் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மாதத்தை விடுங்கள். பூ என்றைக்குக் கைக்கு வர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நாற்றங்காலில் ஏறக்குறைய 25 நாள், நட்டபின் முதல் பறிப்புக்குச் சுமார் 60 நாள். பின்னோக்கி எண்ணினால் விதைக்கும் நாள் கிடைத்துவிடும்.

ஆனால் அந்த 60 நாள் எல்லாப் பருவத்திலும் 60 நாளாக இருக்காது. நான் அடிபட்டது அதில்தான். ஒரே பொட்டலத்து விதை, ஒரே நிலம். பாதியைப் பகல் நீண்ட கோடையில் நட்டேன். மீதியைப் பகல் குறையத் தொடங்கியபின் நட்டேன். கோடைச் செடி இடுப்பளவு வளர்ந்தது. வந்து பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். மொட்டைத்தான் காணோம். சத்துப் பற்றவில்லையோ என்று யூரியா வேறு போட்டேன். இன்னும் இலைதான் வந்தது. ஒருவழியாகப் பூத்தபோது வெயில் 35 டிகிரியைத் தாண்டியிருந்தது. பூ சிறுத்துப்போய், இலைச் சாற்றை உறிஞ்சும் சிவப்புச் சிலந்திப் பேனும் ஏறிவிட்டது. பிந்தி நட்ட செடி உயரத்தில் பாதிதான். ஆனால் நட்ட நாளிலிருந்து எண்ணினால் அதுதான் சீக்கிரம் பூத்தது, பூவும் பெரிது.

பெரிய பூ வைக்கும் ஆப்பிரிக்க வகை, பகல் சுருங்கினால் விரைந்து மொட்டு வைக்கும். நீண்டால் தழைத்துக்கொண்டே போகும். சிறிய பூ வைக்கும் பிரெஞ்சு வகைக்கு இந்தத் தொல்லை குறைவு. பகல் சுருங்கட்டும் என்று ஆப்பிரிக்க வகையை ரொம்பவும் பிந்தி நட்டுவிடாதீர்கள். கிளை பிடிப்பதற்குள் மொட்டு வைத்துவிட்டால் செடிக்கு நாலு பூதான் மிஞ்சும்.

'நுனி கிள்ளியிருக்க மாட்டாய்' என்று யாராவது வருவார்கள். இரண்டு பாதியிலும் கிள்ளினேன். கிள்ளினால் பக்கக்கிளை கூடும், பூவும் கூடும், ஆனால் பூப்பு சில நாள் தள்ளிப்போகும். அதையும் கணக்கில் சேருங்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பகல் அதிகம் மாறாதே என்பார்கள். சரிதான், அங்கே மழையைப் பாருங்கள். பூத்திருக்கும்போது அடைமழை பிடித்தால் பூ நீர்கோத்து அழுகும், இலைப்புள்ளியும் பரவும்.

   

இப்போது நான் நிலத்தை மூன்றாகப் பிரித்து 15 நாள் இடைவெளியில் நடுகிறேன். உங்கள் விதை எந்த வகை என்று சொல்லுங்கள், நாளை எண்ணிப் பார்த்துவிடலாம்.