பூக்கடை அக்காவைக் கேளுங்கள்: மலைக்குப் பூ அனுப்பப் போகிறீர்களா?

(அட்டன் பஸாரில் கோயில் வாசலருகே நெடுங்காலம் பூக்கடை நடத்தியவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

டோஹாவில் வேலை செய்கிறேன். பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்கு அடுத்த மாதம் அறுபது வயது. அப்பா இப்போது இல்லை. சிவப்பு ரோஜாவில் பெரிய பொக்கே அனுப்ப ஆசை. கொழும்புக் கடையின் இணையத்தளத்தில் வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் கேட்கிறார்கள். என்ன போடுவது?
– ஒரு மகன், டோஹா

லயத்துக்கு, அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வீதிப் பெயரை எங்கே போய்த் தேடுவீர்கள், தம்பி? கடிதமே தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது ஏறித்தான் வீட்டுக்கு வருகிறது. பூவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. தோட்டத்தின் பெயர், எந்தக் கணக்கு (தோட்டத்தின் எந்தப் பிரிவு), எத்தனையாம் லயம், கோயிலுக்கு மேலேயா கீழேயா, இதையெல்லாம் எழுதுங்கள். அம்மாவின் பெயரோடு அப்பாவின் பெயரும் இருக்கட்டும். வெறுமனே லெட்சுமி என்று கூப்பிட்டால் ஒரே லயத்தில் மூன்று கதவு திறக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், கொழும்பில் வாங்கவே வேண்டாம். ரோஜா, கார்னேஷன், ஜெர்பரா என்று அங்கே கடையில் நிற்கிற பூவில் எவ்வளவோ நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் வளர்ந்து லொறியேறி இறங்கியதுதான். அதையே அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக மறுபடி மலையேற்ற நீங்கள் காசு கட்டப் போகிறீர்கள். வைகாசிக்குப் பிறகு இந்தப் பக்கம் மழை பிடித்துவிட்டால், மண் சரிந்து பாதை மூடிக்கிடக்கிற நாட்களும் உண்டு. ஈரம் பட்ட ரோஜாவைப் பெட்டிக்குள் அடைத்தால் இதழ் ஓரம் பழுப்பு விழும்.

அட்டனிலோ நோர்வூட்டிலோ வாங்கச் சொல்லுங்கள். யாரிடம் சொல்வது? உங்கள் தோட்டத்துப் பொடியன் ஒருவன் பஸாரில் த்ரீவீல் ஓட்டிக்கொண்டிருப்பான், இல்லாத தோட்டமே கிடையாது. அவனுக்குக் காசை அனுப்புங்கள், கடையில் பூவை வாங்கியதும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு வழி சொல்லித் தரவேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை.

நேரத்தையும் பாருங்கள். வேலை நாள் என்றால் அம்மா காலையிலேயே கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருப்பார், பின்னேரக் கொழுந்தை எடை போட்ட பிறகுதான் வீட்டுக்கு வருவார். பூட்டிய கதவின் முன்னால் பொக்கேயை வைத்துவிட்டு வந்தால் லயத்து ஆடு பிறந்தநாள் கொண்டாடிவிடும். ஞாயிறு என்றால் பஸாருக்குப் போயிருப்பார். அதனால் எந்த நாளானாலும் ஐந்து மணிக்குப் பிறகு.

இனி, என்ன பூ? இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அப்பா இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பொக்கேயோடு தலைக்கு வைக்க மல்லிகைச் சரமும் அனுப்பும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கணவன் போன பிறகும் பெண்கள் பூ வைக்கலாம் என்பதுதான் என் கட்சி. கடைக்கு வந்த எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் லயமே எட்டிப் பார்க்கிற நேரத்தில், வைப்பதா வேண்டாமா என்ற சங்கடத்தை அம்மா கையில் கொடுக்காதீர்கள். அதைப் பிறகு ஊருக்கு வரும்போது நீங்களே நேரில் பேசிக்கொள்ளுங்கள். இப்போது சாமிப் படத்துக்கு ஒரு செவ்வந்தி மாலை, அப்பா படத்துக்கு ஒரு சின்ன மாலை. இரண்டும் கையில் கிடைத்தால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியும்.

ரோஜா கட்டாயம் வேண்டுமென்றால் தொட்டியில் வேரோடு நிற்கிற செடியாக வாங்குங்கள். பொக்கேயின் விலை அவர் காதுக்கு எப்படியும் போகும். எத்தனை நாள் பேர் போட்டால், அதாவது எத்தனை நாள் கூலிக்கு வேலை செய்தால், அந்தக் காசு வரும் என்று அன்றைக்கே கணக்குப் பார்த்து உங்களைப் போனில் திட்டுவார். செடிக்குத் திட்டமாட்டார். ஸ்தோப்பு (வாசல் திண்ணை) படியில் வைத்துத் தேயிலைச் சாயம் ஊற்றி வளர்த்துவிடுவார்.

நான் வவுனியா. மாமியார் நுவரெலியாவில் இருக்கிறார். அவருக்கு எங்கள் முற்றத்து மல்லிகை என்றால் உயிர். பஸ்ஸில் கொடுத்துவிட்டால் போய்ச் சேரும்போது கறுத்துப்போகிறது.
– ஒரு மருமகள்

அந்தக் குளிரில் மல்லிகை மனம் வைத்துப் பூக்காது, பிள்ளை. மாமியார் ஏங்குவதில் நியாயம் இருக்கிறது.

விரிந்த பூவை அனுப்பாதீர்கள். மல்லிகை பொழுது சாய விரியத் தொடங்கும். அன்று விரியப்போகிற, வெளுத்துப் பருத்த மொட்டை வெயில் ஏறுமுன் பறித்துவிடுங்கள். பச்சை மொட்டைப் பறித்தால் அது கடைசிவரை விரியாது. வாழைநாரில் நெருக்கிக் கட்டாமல் தளர்வாகத் தொடுங்கள். நனைத்து இறுகப் பிழிந்த துணியில் சுற்றி, அதன்மேல் வாழையிலை. பொலித்தீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டீர்களோ, உள்ளே வேர்த்துக் கறுத்துவிடும். உங்களுக்கு நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. மாமியாருக்கு என்று கதலிப் பழமோ மாம்பழமோ அதே பையில் வைக்காதீர்கள். பழுக்கிற பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும், அது பூவைச் சீக்கிரம் முதுமையாக்கிவிடும். கார்னேஷன் பூவுக்கு இது இன்னும் ஆகாது, ஒரே இரவில் கண்ணை மூடிக்கொள்ளும். கண்டக்டரிடம் கொடுக்கும்போது எஞ்சின் பெட்டிமேல் வைக்க வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள். அவர்கள் பத்திரமாக வைப்பதாக நினைத்து அங்கேதான் வைப்பார்கள்.

ஹோர்ட்டன் சமவெளியில் இரத்தச் சிவப்பாகப் பூக்கும் மரத்தில் ஒரு கொத்துப் பறித்து மனைவிக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், கண்டி

கூடாது. 1988 முதல் அது தேசிய பூங்கா, இலையைக் கூடக் கிள்ள முடியாது. நீங்கள் பார்த்தது ரொடொடென்ட்ரன். மனைவியை அங்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். விடியற்காலைக் குளிருக்குச் சுவெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

தலவாக்கலையில் எனக்குப் படிப்பித்த ஆசிரியர் காலமாகிவிட்டார் என்று செய்தி வந்தது. டொரொன்டோவிலிருந்து மலர்வளையம் அனுப்ப முயன்றேன், அதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. இனி எதையாவது அனுப்பலாமா, அல்லது அது பிந்திய மரியாதையா?
– பழைய மாணவர்

நம் பக்கம் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ எடுத்துவிடுவார்கள். வெளிநாட்டில் பிள்ளை இருந்தால்தான் காத்திருப்பார்கள். கனடாவில் நீங்கள் செய்தியைப் பார்த்து, ஓடர் கொடுத்து, இங்கே கடை திறந்து, ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் பறையடித்து முடிந்திருக்கும். இதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை.

சாவு வீட்டுக்கு வரும் மலர்வளையத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சங்கத்தின் பெயர், கட்சியின் பெயர், பாடசாலையின் பெயர் எல்லாம் ரிப்பனில் பெரிதாக இருக்கும். குழியடியில் அதைச் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுவார்கள், மறுநாள் மழையில் வெறும் கம்பி தெரியும். கட்டி விற்றுப் பிழைத்தவள் நான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். உயிரோடு இருந்தவரைத் தெரிந்தவர்கள் மாலை போட்டுக் கும்பிடுவது வேறு.

நீங்கள் பதினாறாம் நாள் கருமாதியைப் பாருங்கள். அதற்குத்தான் வீட்டாருக்குக் கை தேவைப்படும். முதல் இரண்டு நாள் மரண உதவிச் சங்கமும் அக்கம்பக்கமும் தாங்கிவிடும், அதற்குப் பிறகு கூட்டம் குறைந்துவிடும். உங்களோடு படித்த யாராவது ஊரில் இருப்பார்கள் அல்லவா, அவரைப் பிடியுங்கள். படத்துக்குச் சம்பங்கியோ வெள்ளைச் செவ்வந்தியோ வைத்துக் கட்டிய ஒரு நல்ல மாலை, அன்றைய சாப்பாட்டுச் செலவில் உங்கள் பங்கு, ஆசிரியரின் மனைவிக்கு ஒரு கடிதம். கடிதத்தில் அவர் வகுப்பில் சொன்ன ஏதாவது ஒன்றை எழுதுங்கள். ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று ஏற்கெனவே ரிப்பன் ரிப்பனாக வந்திருக்கும்.

எங்கள் வீடு வெலிமடை. முற்றத்தில் பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவை வெட்டிப் பதுளையில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினால் தலை தொங்கிப்போகிறது. இன்னொன்று: எல்லாச் செடியும் நீலம், சீமெந்துச் சுவரோரம் நிற்பது மட்டும் ரோஸ் நிறம். இது ஏன்?
– தங்கை

நிறத்தை முதலில் சொல்கிறேன், எனக்குப் பிடித்த விஷயம். தேயிலை புளிப்பு மண்ணில்தான் நன்றாக வரும், நம் மலைகளில் பல இடத்தில் மண் அப்படித்தான். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியாக ஏறும், பூ நீலமாகும். சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிகிற இடத்தில் புளிப்பு குறைந்து அலுமினியம் ஏறாது, அந்தச் செடி ரோஸ் நிறத்தில் பூக்கும். இரண்டும் ஒரே வீட்டில் கிடைப்பது அதிர்ஷ்டம், கலந்து கட்டுங்கள்.

தொங்குவதற்குக் காரணம், இளம் பூவை வெட்டுகிறீர்கள். தொட்டால் கடதாசி மாதிரிச் சற்று விறைப்பாக இருக்கும் பூவை விடியலில் வெட்டுங்கள். தண்டைச் சாய்வாக வெட்டி உடனே வாளித் தண்ணீரில் வையுங்கள். இலையில் பெரும்பகுதியைக் கிள்ளிவிடுங்கள். தொங்கினாலும் பயமில்லை. இந்தப் பூ இதழ் வழியாகவும் தண்ணீர் குடிக்கும். தலையைக் கீழாகப் பிடித்துக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வைத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். இதை அக்காவுக்கும் சொல்லிவிடுங்கள்.

அப்புத்தளையில் ஒரு வங்கியில் வேலை செய்யும் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. பெயர் போடாமல் வேலையிடத்துக்கு ரோஜா அனுப்பினால் யாரென்று தெரியாமல் இருக்குமா?
– பெயர் வேண்டாம்

அந்த ஊரில் கடைத்தெருவின் ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் ‘நூறு வயசு’ என்பார்கள். பூக்காரருக்குத் தெரியும், கொண்டுபோகிறவருக்குத் தெரியும், வங்கி வாசல் காவலாளிக்குத் தெரியும். பதினொரு மணித் தேநீருக்குள் முகாமையாளருக்கும் தெரிந்துவிடும். தெரியாமல் திண்டாடுவது அந்தப் பெண் ஒருத்திதான். கூட வேலை செய்பவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். வேலையிடத்துக்கு வேண்டாம், தம்பி. முதலில் உங்கள் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் மறுபடி எனக்கு எழுதுங்கள், எந்தப் பூ என்று அப்போது சொல்கிறேன்.