நீர்வளப் பொறியியலில் முதுநிலை படிக்கலாமா? வேலை கிடைக்குமா?

படிக்கலாம். இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் நீங்கள் சிவில் முடித்திருப்பீர்கள். சுற்றியிருப்பவர்கள் “பேசாமல் கட்டடம், பாலம் வடிவமைக்கும் ஸ்ட்ரக்சுரல் எடு, தண்ணீரில் என்ன இருக்கிறது” என்று மண்டையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. ஸ்ட்ரக்சுரல்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் படிப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கான்கிரீட்டின் வலிமை தெரிய வேண்டுமானால் ஒரு கியூபை உடைத்துப் பார்த்துவிடலாம். அடுத்த வருடத்து வெள்ளத்துக்கு எதை உடைப்பது? இந்தப் பிடிபடாத தன்மை உங்களுக்குப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் ஆய்வேடு, ஒரு சிற்றாற்றில் வெள்ளம் எப்படி வரும் என்று கணிக்கும் மாடல். அளவீட்டு நிலையத்தின் பதிவுகளைப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. முந்தைய ஆண்டின் பெரிய வெள்ளத்தில், கடகடவென்று ஏறிவந்த நீர்மட்டம் ஓர் எண்ணில் நின்று, இரவு முழுக்க அதே எண்ணாகவே இருந்து, பிறகு இறங்குகிறது. மற்றவர்கள் அதை அப்படியே மாடலில் போட்டு, “கோடு நன்றாகப் பொருந்துகிறது” என்று மேலே போய்விட்டார்கள். நான் நேரில் போனேன். பாலத்தூணில் இருந்த அளவுகோல் சரியாக அந்த எண்ணோடு முடிந்திருந்தது! அதற்கு மேல் தண்ணீர் போனபோது படிக்கக் கோலே இல்லை. கரையோர முள்வேலியில், கோலின் உச்சியைவிட உயரத்தில், சருகும் பிளாஸ்டிக் பையும் சிக்கிக் காய்ந்திருந்தன.

அந்தத் தடயங்களை ஆற்றின் நெடுக சர்வே செய்து, நீர்ப்பரப்பின் சரிவையும் குறுக்குவெட்டுகளையும் எடுத்து, நீரோட்டத்தின் அளவைத் தரும் மேனிங் சமன்பாட்டில் உச்ச வெள்ளத்தைக் கணக்கிட்டேன். இதிலும் துல்லியம் இல்லை என்று யாராவது வருவீர்கள், தெரியும். அந்தச் சமன்பாட்டில் ஆற்றுப் படுகையின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்ணை 0.035-க்குப் பதில் 0.05 என்று வைத்தால் வெள்ளமே 30 சதவீதம் குறைந்துவிடும். அதனால்தான் ஒற்றை எண் கொடுக்காமல் ஒரு வரம்பாகக் கொடுத்தேன். கோல் முடிந்த இடத்தில் வெள்ளமும் முடிந்துவிட்டது என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம், இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்த வேலை கட்டுரையாக வந்தபோது, ஒருநாள்கூட ஆற்றில் கால் வைக்காத ஒருவரின் பெயர் முதலில் இருந்தது, என் பெயர் மூன்றாவதாக. கேட்டதற்கு “இதெல்லாம் வழக்கம்தான்” என்றார்கள். சேரும் இடத்தில் இந்த வழக்கம் உண்டா என்று சீனியர்களிடம் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலை. மழைநீர் வடிகால், அணைப் பாதுகாப்பு, நிலத்தடி நீர், பாசனம், வெள்ள அபாய வரைபடம் என்று துறை பரந்தது. காப்பீட்டு நிறுவனங்கள்கூட வெள்ளக் கணக்கு தெரிந்தவர்களைத் தேடுகின்றன. படித்து முடித்ததும் வேலை வரிசையில் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. ஆற்று வெள்ளத்தைக் கணக்கிடும் ஹெக்-ராஸ் இலவச மென்பொருள், நீங்களே இறக்கிப் பழகலாம், அதற்காக மட்டும் ஒரு பட்டம் தேவையில்லை. புள்ளியியலைத்தான் விடாதீர்கள். ‘நூறாண்டு வெள்ளம்’ நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று நம்பும் பொறியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அதற்கு 1 சதவீத வாய்ப்பு உண்டு. 30 வருடத்தில் ஒருமுறையாவது வருவதற்கு ஏறத்தாழ 26 சதவீதம். இந்தக் கணக்கைப் போடப் பிடித்திருந்தால் தயங்காமல் சேருங்கள். கூடவே பைதான் நிரல்மொழியும், ஜி.ஐ.எஸ் என்ற கணினி வரைபட நுட்பமும் கற்றுக்கொண்டால் நேர்முகத்தில் பேச விஷயம் இருக்கும்.