முதல் நாய்ஸ் மேடை: தகரத்தை ஹெட்ஃபோனில் பழக முடியாது

கேள்வி: டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் கோயென்ஜியில் தரைக்குக் கீழே இருக்கும் ஒரு சின்ன லைவ் ஹவுஸில் (நேரடி இசை அரங்கில்) 25 நிமிடம் நாய்ஸ், அதாவது இரைச்சலையே இசையாக்கும் வகை, வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். நோ-இன்புட் முறையில் ஒரு மிக்ஸர், ஒலியைக் கரகரப்பாக்கும் இரண்டு டிஸ்டார்ஷன் பெடல், ஒரு தகரம், அதன் அதிர்வை நேராக எடுக்க அதில் ஒட்டிய காண்டாக்ட் மைக், அவ்வளவுதான். இதுவரை வீட்டில் ஹெட்ஃபோனில் மட்டுமே வாசித்திருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தகரத்தைத்தான். நோ-இன்புட்டில் மிக்ஸரின் வெளியீடு அதே மிக்ஸரின் உள்ளீட்டுக்குத் திரும்புகிறது, அந்தச் சுற்று முழுக்க ஒயருக்குள்ளேயே நடப்பதால் வீட்டில் கேட்டது அங்கேயும் ஏறக்குறைய அப்படியே வரும். தகரம் அப்படியில்லை. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி காற்றையும் தரையையும் மேசையையும் அதிர வைக்கும், தகரமும் சேர்ந்து அதிரும், அதை மைக் எடுத்து மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்பும், நீங்கள் தொடாமலேயே தகரம் ஊளையிட ஆரம்பித்துவிடும். ஹெட்ஃபோனில் இந்தச் சுற்று உருவாகவே உருவாகாது. எந்தச் சுருதியில் ஊளை வரும் என்பதை அந்த அறையும் தகரமும் ஸ்பீக்கர் இருக்கும் இடமும் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

இது பயப்பட வேண்டிய விஷயமே இல்லை, உங்கள் செட்டிலேயே அழகான பகுதி இதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஒத்திகையில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே கொடுங்கள். தகரத்தின் சேனலை மெல்ல ஏற்றுங்கள், ஊளை தொடங்கும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். அதற்குக் கீழே அது தட்டும் ஓசை, மேலே போனால் தானாகப் பாடும். உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், சுருதி மாறும், சில இடத்தில் ஒரேயடியாக அடங்கும். அந்த இடங்களைக் கை பழகிக்கொள்ள வேண்டும். முடிந்தால் அதற்கு முன்பே மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒத்திகை ஸ்டூடியோவில் ஒரு மாலை பெரிய ஸ்பீக்கரில் வாசித்துப் பாருங்கள்.

காண்டாக்ட் மைக்கை நேராக மிக்ஸரில் செருகியிருந்தால் ஒலி மெலிந்து தகர டப்பா மாதிரி கேட்கும், ஏனென்றால் அந்த மைக்கில் அதிர்வை மின்சாரமாக்கும் பீசோவுக்கு 1 மெகாஓம் அளவுக்கு உள்ளீட்டு மின்தடை வேண்டும், இல்லையென்றால் அடி ஒலி போய்விடும். நடுவில் பஃபர் (இந்த மின்தடையைக் கொடுக்கும் சுற்று) உள்ள ஒரு பெடல் வைத்தால் போதும்.

அப்புறம் ஒலிப் பொறுப்பாளர். அங்கே ‘பி.ஏ.-சான்’ என்று கூப்பிடுவார்கள். போனதுமே அவரிடம் பேசுங்கள்: நீண்ட கீச்சொலி வரும், மிகத் தாழ்ந்த ஒலியும் வரும், லிமிட்டர் (ஒலி எல்லை மீறாமல் தடுப்பது) போட்டுக்கொள்ளுங்கள், ஃபாண்டம் பவர் (மைக்குக்காக ஒயர் வழியே அனுப்பும் மின்சாரம்) வேண்டாம், டி.ஐ. பாக்ஸ் (கருவியின் ஒலியை அரங்க மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வழியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று. விடாத கீச்சொலியில் ட்வீட்டரின் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரின்) சுருள் சூடாகிக் கருகிவிடும், அது அவருக்கும் தெரியும், நீங்களாகவே சொன்னால் உங்களை நம்பி வால்யூம் கொடுப்பார்.

ஜப்பானில் ஒத்திகை பெரும்பாலும் தலைகீழ் வரிசையில் நடக்கும், முதலில் வாசிப்பவர் கடைசியாக ஒத்திகை பார்த்து, வைத்தது வைத்தபடி விட்டுவிடலாம். நீங்கள் நடுவில் என்றால் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி பொருத்த வேண்டும், அதனால் பெடல், மிக்ஸர் எல்லாவற்றையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு போங்கள், திருகுகள் நின்ற நிலையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த அடாப்டர் என்றால் 100 வோல்ட்டில் ஓடுமா என்று லேபிளைப் பாருங்கள். ‘நொருமா’, அதாவது வாசிப்பவரே விற்றுத் தர வேண்டிய டிக்கெட் கணக்கு, உண்டா என்றும் முன்கூட்டியே கேளுங்கள். 2,000 யென் டிக்கெட் 10 உங்கள் பொறுப்பு என்றால், ஒன்றுகூட விற்காதபோது 20,000 யென் உங்கள் கையை விட்டுப் போகும்.

காது விஷயத்தில் தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள். அமெரிக்காவின் தொழிலாளர் உடல்நலத்துக்கான நியாஷ் (NIOSH) அமைப்பின் அளவுகோலில் ஒரு நாளில் கேட்கக்கூடிய நேரம் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். உங்கள் செட்டே 25 நிமிடம். இயர் பிளக்கை ஒத்திகையிலிருந்தே போடுங்கள், மற்றவர்கள் வாசிக்கும்போதும் கழற்ற வேண்டாம்.

25 நிமிடமும் முழு வால்யூமில் போக வேண்டியதில்லை, ஐந்தாவது நிமிடத்திலேயே காது மரத்துவிடும். நோ-இன்புட் மிக்ஸரையே தன் வாத்தியமாக ஆக்கிக்கொண்ட தொஷிமாரு நகமுரா எவ்வளவு சின்ன ஒலிகளில் வேலை செய்கிறார் என்று கேட்டுப் பாருங்கள், அவரும் டோக்கியோக்காரர்தான். முடிவை மட்டும் முன்பே தீர்மானித்துவிடுங்கள்: ஒரு கை தகரத்தை அடக்க, இன்னொரு கை மிக்ஸரின் மொத்த வால்யூமான மாஸ்டரை ஒரே இழுப்பில் கீழே கொண்டுவர வேண்டும். இதை வீட்டில் இருபது முறையாவது செய்து பாருங்கள்.