21-ஆம் நாள் எல்லாருக்கும் பொருந்தாது

குழந்தைக்கு முயல்கிறவர்களின் கேள்விகளும் பதில்களும்.

கம்பத்திலிருந்து: சிஸ்டர், எனக்கு 35 நாளைக்கு ஒரு தடவைதான் பீரியட் வரும். 21-ஆம் நாள் ரத்தத்துல புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் பார்த்ததில் 0.8. முட்டையே வெடிக்கலைங்கிறாங்க. நிஜமா?

அதை வைத்து அப்படிச் சொல்ல முடியாதும்மா. பீரியட் தொடங்கிய நாளிலிருந்து எண்ணும் 21-ஆம் நாள் கணக்கு 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கு. முட்டை வெடித்து ஒரு வாரம் போல ஆனபிறகுதான் புரோஜெஸ்டிரோன் உச்சத்துக்கு வரும். அதாவது அடுத்த பீரியடுக்கு 7 நாள் முன்னால். உங்களுக்கு அது 28-ஆம் நாள். 21-ல் முட்டை அப்போதுதான் வெடிக்கிற சமயமாக இருக்கும், அளவு குறைவாகத்தான் காட்டும். 28-ல் எடுங்க. பீரியட் என்றைக்கு வந்தது என்பதையும் குறித்து வைத்து, ஒரு வாரம் சரியாக இருந்ததா என்று ஒத்துப்பாருங்க. ஒரு மில்லி லிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேலே இருந்தால் முட்டை வெடித்திருக்கிறது.

யாராவது சொன்னார்கள் என்று புரோஜெஸ்டிரோன் மாத்திரையை 15-ஆம் நாளே ஆரம்பிச்சுடாதீங்க. வெடிக்கும் முன்னே போட்டால் வெடிப்பதையே தடுக்கும். மாத்திரை போடுகிறவரை பீரியடும் வராமல் இருக்கலாம். அதை வைத்து நாள் தள்ளியதாக நம்ப வேண்டாம். யூரின் டெஸ்ட் பார்த்துவிட்டு, டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்தணும்.

குமுளியிலிருந்து: அக்கா, ஏலத்தோட்ட வேலை. விடியக்காலம் ஜீப் வந்துரும், டீ குடிக்கும்போதே தைராய்டு மாத்திரையும் போட்டுருவேன். தைராய்டு ரத்த டெஸ்ட்ல டிஎஸ்எச் குறையாம 6-லேயே நிக்குது.

டீதான் காரணமாக இருக்கலாம், மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. மாத்திரைக்கும் டீக்கும் நடுவே அரை மணியிலிருந்து ஒரு மணி வேணும். முடியாதென்றால் டாக்டரிடம் சொல்லி ராத்திரிக்கு மாற்றுங்க, சாப்பிட்டு 3 மணி கழித்து. இரும்பு, கால்சியம் மாத்திரைகள் 4 மணி நேரம் தள்ளி. 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி பார்க்கணும். குழந்தைக்கு முயல்கிறவர்களுக்கு 2.5-க்குக் கீழே கொண்டுவரவே டாக்டர்கள் பார்ப்பார்கள். நாள் தள்ளினால் அந்த வாரமே போங்க, மாத்திரை அளவைக் கூட்ட வேண்டிவரும்.

வண்டன்மேட்டிலிருந்து: விந்துப் பரிசோதனைக்கு வீட்டிலேயே எடுத்துட்டு கம்பம் லேப்ல கொடுக்கலாமா? போன தடவை 9 மில்லியன்னு வந்துச்சு.

வேண்டாம் தம்பி. ஒரு மணி நேரத்துக்குள் உடம்புச் சூட்டிலேயே லேப் போய்ச் சேரணும். மலைப்பாதையில் குளிரிலும் தாமதத்திலும் அசைவு குறைந்துபோகும். லேபிலேயே எடுத்துக் கொடுங்க. 2 நாளுக்குக் குறையாமல், 7 நாளுக்கு மிகாமல் இடைவெளி. முதலில் வரும் பங்கில்தான் அணுக்கள் அதிகம்; அது சிந்திப்போனால் எண்ணிக்கை இறங்கிக் காட்டும், மறைக்காமல் சொல்லிடணும். ஒரு மில்லி லிட்டரில் 16 மில்லியன் அணுக்கள் என்பது கீழ்வரம்பு. கடும் காய்ச்சல் வந்திருந்தால் 3 மாதம் விட்டு மறுபடி பாருங்க. புது அணு உருவாக அவ்வளவு நாள் பிடிக்கும்.

போடியிலிருந்து: புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) கூடுதலா 38-ன்னு வந்திருக்கு. கேஸ் மாத்திரை சாப்பிடுறேன், அதனால இருக்குமா?

இருக்கலாம். அதில் டோம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்க, இரண்டுமே ஏற்றிவிடும். டாக்டரிடம் காட்டுங்க.

செங்கோட்டையிலிருந்து: வயசு 37. எட்டு மாசமா முயற்சி. ஒரு வருஷம் ஆகட்டும்னு மாமியார் சொல்றாங்க.

ஒரு வருஷக் கணக்கு 35-க்குக் கீழே உள்ளவர்களுக்கு. உங்களுக்கு ஆறு மாதம்தான், அதுவும் முடிந்தது. இந்த மாதமே போங்க, கணவரையும் கூட்டிக்கொண்டு. ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தினமும் இப்போதே தொடங்கலாம்.