அழித்தாலும் திரும்பி வரும் பி0420

கேள்வி: என்னிடம் இருப்பது 2015இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான்கு மாதங்களாக ‘செக் இன்ஜின்’ விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் ஒவ்வொரு முறையும் பி0420 என்ற குறியீடே வருகிறது. அழித்தால் பத்து நாளில் திரும்பிவிடுகிறது. பின்பக்க ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றியும் பயனில்லை. இப்போது, புகையின் நச்சுத்தன்மையைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டு, சிறிது நேரத்தில் அடங்கிவிடும். மற்றபடி ஓட்டத்தில் குறை தெரியவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், விருதுநகர்

பதில்: போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த ‘டிக் டிக்’ சத்தம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கன்வெர்ட்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

கன்வெர்ட்டரின் செயல்திறன் வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டது என்பதே பி0420இன் பொருள். ஆனால் இன்ஜின் கணினி புகையை நேரடியாக அளப்பதில்லை. கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு ஆக்ஸிஜன் சென்சார்களை ஒப்பிட்டே இந்த முடிவுக்கு வருகிறது. உங்கள் வண்டி போன்றவற்றில் முன் சென்சார் பொதுவாக 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போல இருக்கும் பகுதியில் பூசியிருக்கும் சீரியம் ஆக்சைடு ஆக்ஸிஜனைப் பிடித்துவைத்து, தேவைப்படும்போது விடுவிப்பதால், பின் சென்சார் ஏறக்குறைய 0.6, 0.7 வோல்ட்டில் பெரிதாக அசையாமல் நிற்கும். அதுவும் முன்னதைப் போல ஆடத் தொடங்கினால் குறியீடு பதிவாகும். பின் சென்சாரே பழுதாகியிருந்தால் பெரும்பாலும் பி0136 முதல் பி0141 வரையிலான குறியீடுகளில் ஒன்று வந்திருக்கும். சாட்சி சொன்ன குற்றத்துக்காக நல்ல சென்சாரைக் கழற்றிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அழித்ததும் கணினியின் சுயபரிசோதனைகள் முதலிலிருந்து தொடங்கும். இன்ஜின் நன்கு சூடாகி, வண்டி சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓடினால்தான் கன்வெர்ட்டர் சோதனை நடக்கும். பெரும்பாலான கார்களில் இரண்டு ஓட்டங்களில் தோற்ற பிறகே விளக்கு எரியும். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்குப் பத்து நாள் இடைவெளி வருவது இதனால்தான்.

இனி அந்தச் சத்தம். இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுசெல்லும் மேனிஃபோல்டின் கேஸ்கட்டில் (இணைப்பில் வைக்கும் அடைப்புத் தகட்டில்) கசிவோ, மேனிஃபோல்டில் விரிசலோ இருந்தால் குளிர்ந்த நிலையில் இப்படித்தான் கேட்கும். சூட்டில் உலோகம் விரிந்து சத்தம் அடங்கினாலும், கசிவு முழுவதும் அடைபட்டதாகக் கொள்ள முடியாது. அந்த இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே இழுபட்டால் சென்சார்களின் அளவு பிசகும். காலையில் வெட்டவெளியில் வண்டியை ஸ்டார்ட் செய்து, உதவிக்கு ஒருவரை சைலன்சர் முனையைத் தடித்த ஈரத்துணியால் சில நொடிகள் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, மேனிஃபோல்ட் சூடேறுவதற்குள் இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். நுரை பொங்கினாலோ, கேஸ்கட் ஓரத்தில் மைதீட்டியது போலக் கரிக்கோடு தெரிந்தாலோ கசிவு அங்கேதான். சத்தம் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரிலிருந்தோ, வால்வை இயக்கும் டேப்பெட்டிலிருந்தோ வருவதும் உண்டு. அப்போது நுரை வராது.

கசிவு இல்லையென்றால், சூடான இன்ஜினை 2,500 ஆர்பிஎம்மில் வைத்து இரண்டு சென்சார்களின் வரைபடத்தையும் ஸ்கேனரில் காட்டச் சொல்லுங்கள். நீண்டகால எரிபொருள் திருத்தம் (கணினி எரிபொருளின் அளவைத் தொடர்ந்து கூட்டிக் குறைக்கும் விகிதம்) பத்து சதவீதத்தைத் தாண்டுகிறதா, மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது) இருக்கிறதா, சர்வீஸுக்கு இடையில் இன்ஜின் ஆயில் குறைகிறதா என்பதையும் கேளுங்கள். எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் கன்வெர்ட்டரின் பூச்சை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும். அதைக் கவனிக்காமல் புதியதைப் போட்டால் அதற்கும் அதே கதிதான். இவை எல்லாம் சரியாக இருந்து, பின் சென்சார் மட்டும் முன்னதோடு சேர்ந்து ஆடினால், உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. அப்போதும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு குறைவாக உள்ள மலிவுச் சரக்கை வாங்காதீர்கள். குறியீடு சில மாதங்களில் திரும்பிவிடக்கூடும். தேன்கூட்டை உடைத்து எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது சட்டவிரோதம், விளக்கும் அணையாது.

எந்தப் பழுதை நீக்கினாலும், குறியீட்டை அழித்துவிட்டு மதுரை நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். ஸ்கேனரில் கேட்டலிஸ்ட் சோதனை முடிந்ததாகக் காட்டி, பி0420 மீண்டும் பதிவாகாமல் இருந்தால் மட்டுமே மெக்கானிக்கின் கணக்கை முடியுங்கள்.