கூட்டமான கப்பலிலும் அமைதியாக இருக்கலாம்: காரை விடுவது முதல் கேபின் தேர்வு வரை

வாசகி ஒருவரின் கேள்வி: “நானும் கணவரும் எழுபது வயதைத் தாண்டிய என் அம்மாவும் முதல்முறையாக ஏழு இரவு சொகுசுக் கப்பல் பயணம் போகிறோம். துறைமுகம் வரை சொந்தக் காரில்தான் போக வேண்டும். ஒரு வாரம் காரை எங்கே விடுவது? கப்பலில் ஆயிரக்கணக்கானவர்கள் இருப்பார்கள் என்கிறார்கள். உட்கார்ந்து புத்தகம் படிக்க அமைதியான இடம் ஏதாவது கிடைக்குமா? அம்மாவுக்குப் பேருந்தில் போனாலே தலைசுற்றும், கப்பல் ஒத்துக்கொள்ளுமா? கேபின் எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.”

கேபின் இன்னும் முடிவாகவில்லை என்பது நல்ல செய்தி. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கார் விடுவதிலிருந்து கடைசி நாள் இறங்குவது வரை எல்லாமே அதைப் பொறுத்துத்தான்.

பெரிய கப்பல்களில் ஆட்கள் அதிகம்தான். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் அறைக்கு இருவர் என்று கணக்கிட்டாலே 5,610 பயணிகள். எல்லாப் படுக்கைகளும் நிரம்பினால் 7,600 பேர். ஆனால் இவ்வளவு பேரும் கப்பல் முழுக்கச் சமமாகப் பரவி இருப்பதில்லை. ஒரே நேரத்தில் ஏறுகிறார்கள், ஒரே நேரத்தில் பஃபேக்குப் போகிறார்கள், நிகழ்ச்சி முடிந்ததும் ஒன்றாக லிஃப்ட் முன்னால் நிற்கிறார்கள். அவர்கள் ஓரிடத்தில் குவிந்திருக்கும்போது மற்ற இடமெல்லாம் காலியாகத்தான் கிடக்கும். கூட்டம் எப்போது எங்கே நகரும் என்று தெரிந்துகொண்டு அதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ நீங்கள் நகர்ந்தால் போதும்.

சரி, கார். வழக்கமாக நான்கு வழிகள் உண்டு. கப்பலில் ஏறும் கட்டடமான டெர்மினலை ஒட்டிய துறைமுகப் பார்க்கிங் ஒன்று. பெட்டியோடு நடந்தே போய்விடலாம், ஆனால் விலை கூடுதல், சீக்கிரம் நிரம்பிவிடும். சற்றுத் தள்ளி இருக்கும் தனியார் பார்க்கிங்கில் காரை விட்டுவிட்டு அவர்கள் வண்டியில் டெர்மினலுக்குப் போவது இரண்டாவது. டெர்மினல் வாசலிலேயே ஓட்டுநர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, திரும்பி வரும்போது அங்கேயே காரை வாங்கிக்கொள்ளும் சேவை மூன்றாவது. நான்காவது, முந்தைய இரவு துறைமுகத்துக்கு அருகில் தங்கி, பயணம் முடியும் வரை காரை அந்த ஓட்டலிலேயே விட்டுவைப்பது.

நீண்ட தூரம் ஓட்டி வருவதாக இருந்தால் நான் நான்காவதைத்தான் சொல்வேன். கிளம்பும் நாளில் டயர் பஞ்சரானாலும் போக்குவரத்து நெரிசலில் மாட்டினாலும் கப்பல் உங்களுக்காக நிற்காது. புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே, சில கப்பல்களில் அதற்கும் முன்பே, செக்-இன் மூடிவிடும். ஒரு நாள் முன்னால் வந்துவிட்டால் அந்தப் பதற்றமே இல்லை. தனியார் பார்க்கிங் என்றால் பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள்: வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வரும், பெட்டிகளுக்கு இடம் உண்டா, கப்பல் திரும்பத் தாமதமானால் கூடுதல் கட்டணமா, சாவி யாரிடம் இருக்கும். கட்டணத்தைப் பெரும்பாலும் இரவாக எண்ணாமல் நாளாக எண்ணுவார்கள். ஏழு இரவுப் பயணத்துக்கு எட்டு நாள் கட்டணம் வரும்.

எந்த டெர்மினல் என்பதைப் பயணத்துக்கு முந்தைய வாரம் மறுபடியும் சரிபார்த்துவிடுங்கள். சௌதாம்ப்டன், மயாமி மாதிரியான பெரிய துறைமுகங்களில் பல டெர்மினல்கள் உண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போக முடியாத அளவு தள்ளியும் இருக்கும். போகும்போது நேராகப் பார்க்கிங்குக்குப் போகாதீர்கள். முதலில் டெர்மினல் வாசலில் அம்மாவையும் பெட்டிகளையும் இறக்கி, நீங்கள் அவரோடு இருங்கள். கணவர் மட்டும் காரை விட்டுவிட்டு வரட்டும். காரை எந்த வரிசையில் விட்டோம் என்பதை அவர் படம் எடுத்துக்கொள்ளட்டும். டேஷ்கேம் (காரின் முன்கண்ணாடியருகே பொருத்தும் கேமரா) இருந்தால் இணைப்பைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், நின்ற காரிலும் அது பேட்டரியை இழுத்துக்கொண்டிருக்கும். சாவியை வேறொருவரிடம் கொடுப்பதாக இருந்தால் காரின் நான்கு பக்கத்தையும் கிலோமீட்டர் எண்ணையும் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

ஏறும் நேரத்தை இப்போதெல்லாம் முன்கூட்டியே ஆன்லைனில் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். முதல் நேரத்துக்குத்தான் போட்டி. வயதானவரோடு போகிறவர்களுக்கு நடுப்பகலைத் தாண்டிய நேரம் நல்லது. வரிசை குறைந்திருக்கும், கேபினும் தயாராகியிருக்கும், நேராக அறைக்கே போய்விடலாம். நீண்ட நடையும் நிற்பதும் அம்மாவுக்குச் சிரமம் என்றால் டெர்மினலில் சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். வாசலில் ஒப்படைக்கும் பெரிய பெட்டிகள் உங்கள் அறைக்கு வந்துசேர மாலைகூட ஆகலாம். அதனால் பாஸ்போர்ட், மருந்துகள், அம்மாவுக்கு ஒரு மாற்றுத்துணி எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும். இஸ்திரிப்பெட்டி, மெழுகுவர்த்தி, மின்னழுத்தப் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி இவற்றையெல்லாம் தீ அபாயத்துக்காகப் பெரும்பாலான கப்பல்கள் வாங்கி வைத்துக்கொள்ளும். விசாவையும் கவனியுங்கள்: கப்பல் ஒரு நாட்டை விட்டு வெளியே போய் மறுபடி அங்கேயே திரும்பினால் பலமுறை நுழையும் விசா தேவைப்படலாம்.

ஏறியதும் முதல் வேலையாகப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிடுங்கள். 2012 ஜனவரியில் ‘கோஸ்டா கான்கார்டியா’ என்ற சொகுசுக் கப்பல் விபத்துக்குள்ளானபோது, அன்று ஏறிய பலருக்கு இந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு, கிளம்பும் முன் அல்லது கிளம்பிய உடனே நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதியே மாறிவிட்டது. இப்போது பல கப்பல்களில் வீடியோவைப் பார்த்துவிட்டு உங்களுக்குரிய கூடுமிடத்துக்குப் போய்ப் பதிவு செய்தால் போதும். அங்கே போகும் வழியை அம்மாவுக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள். அவரால் படியேற முடியாது என்றால் அதை ஊழியர்களிடம் அன்றே சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்ட்டை நம்ப முடியாது. ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி என்றால் அதுதான் அபாய அறிவிப்பு. இது மூன்று பேருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இனி அமைதியான இடங்கள். இதைப் பற்றிக் கேட்டதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. பலர் குளத்தடியில் நாற்காலிக்கு அலைந்தே பயணத்தை முடித்துவிடுகிறார்கள்.

கப்பலின் ‘பகலில் காலியான’ இடங்களைத்தான் முதலில் தேட வேண்டும். இரவில் இசையும் கூட்டமுமாக இருக்கும் பார்களும் லவுஞ்சுகளும் காலையில் விளக்கு எரிய, நல்ல சோபாக்களோடு சும்மா கிடக்கும். பூட்டியிருக்கவில்லை, அன்றைய நிகழ்ச்சி நிரலிலும் அங்கே எதுவும் இல்லை என்றால் தாராளமாக உட்காரலாம். பல கப்பல்களில் மேல்தளத்தின் முன்பக்கத்தில் பெரிய கண்ணாடிச் சுவரோடு ஒரு பார்வைக்கூடம் இருக்கும். காலை உணவுக்கு எல்லோரும் கிளம்பும் நேரத்தில் அங்கே போய்ப் பாருங்கள். நூலகம், சீட்டாடும் அறை என்று பெயர்ப்பலகை உள்ள சிறிய அறைகளும் நல்லவை. ஆனால் கரையில் நிற்காத, கடலிலேயே கழியும் நாட்களில் மதியம் அங்கே விளையாடுபவர்கள் வந்துவிடுவார்கள்.

வெளியே உட்கார வேண்டும் என்றால் குளம் இருக்கும் தளத்தை மறந்துவிடுங்கள். லைஃப்போட்டுகள் தொங்கும் தளத்தில் பல கப்பல்களில் ஒரு நடைபாதை இருக்கும். மேலே கூரைபோல மறைப்பு, பக்கத்திலேயே கடல், வெயில் நேராக விழாது, பாட்டுச் சத்தமும் கிடையாது. படிக்க எனக்குப் பிடித்த இடம் அதுதான். கப்பல் ஓடும்போது முன்பக்கம் காற்று பலமாக அடிக்கும், புத்தகத்தின் தாளைப் பிடிக்க முடியாது. அப்போது பின்பக்கம் வந்துவிடுங்கள். காற்றும் குறையும், கப்பல் கிழித்துப்போன நீர்த்தடத்தையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். புகைபிடிக்க ஒதுக்கிய பகுதி பெரும்பாலும் கப்பலின் ஒரு பக்கத்தில் இருக்கும். அது எந்தப் பக்கம் என்று முதல் நாளே தெரிந்துகொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுங்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல வாய்ப்பு, கப்பல் கரையில் நிற்கும் நாட்கள். பெரும்பாலானோர் ஊர் பார்க்க இறங்கிவிடுவார்கள். காலை பத்து மணிக்கு நீச்சல்குளமே உங்களுக்காகக் காத்திருப்பதுபோல் இருக்கும். எல்லா ஊரிலும் இறங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. முக்கியமாக, துறைமுகம் அந்த ஊரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பயணத்திட்டத்தில் ரோம் என்று போட்டிருப்பது சிவிடவெக்கியா துறைமுகம், ரோமிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். பாரிஸ் என்று போட்டிருப்பது லெ ஹாவ்ர், அங்கிருந்து பாரிஸ் சுமார் 200 கிலோமீட்டர். அம்மாவோடு அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய்வருவதைவிட, துறைமுகத்தைச் சுற்றி இரண்டு மணி நேரம் நடந்துவிட்டுக் காலியான கப்பலுக்குத் திரும்புவது எவ்வளவோ மேல். கிரேக்கத் தீவான சான்டோரினி மாதிரி சில இடங்களில் கப்பல் கரையை ஒட்டாமல் சற்றுத் தள்ளிக் கடலிலேயே நிற்கும், சிறிய படகில்தான் கரைக்குப் போக வேண்டும். முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் அதற்கு வரிசை. அப்புறம் போனால் கிட்டத்தட்ட நேராக ஏறிவிடலாம். இறங்கும்போது ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: திரும்ப வேண்டிய நேரம் கப்பல் நேரப்படியா உள்ளூர் நேரப்படியா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். கைபேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், இதில் ஏமாந்து கப்பலைத் தவறவிட்டவர்கள் உண்டு. கப்பல் மூலம் பதிவுசெய்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நீங்களாகப் போனது என்றால் உங்கள் செலவில் நீங்களேதான் போய்ச் சேர வேண்டும்.

கைபேசியைக் கிளம்பும்போதே ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, தேவையானால் கப்பலின் வைஃபையை மட்டும் பயன்படுத்துங்கள். கடலில் கிடைக்கும் மொபைல் சிக்னல் செயற்கைக்கோள் வழியாக வருவது, பில் பயங்கரமாக ஏறிவிடும்.

சாப்பாட்டு நேரத்தில் பஃபே நெரிசல் பிடிக்கவில்லை என்றால், பரிமாறும் பெரிய உணவகம் காலையிலும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கப்பல்களில் கூடுதல் கட்டணம் இல்லாமலே உட்காரவைத்துப் பரிமாறுவார்கள், அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. சாப்பிடும் முன் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கையைக் கழுவுங்கள். கப்பல்களில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரஸை ஆல்கஹால் சானிடைசர் அவ்வளவாக அசைப்பதில்லை.

இறங்கும் நாளைப் பற்றிச் சுருக்கமாக. முந்தைய இரவு பெரிய பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள்; மருந்து, பாஸ்போர்ட், மறுநாள் உடுப்பு, கார்ச்சாவி நான்கையும் எடுத்துவைத்த பிறகு வெளியே வையுங்கள். பில்லைக் கடைசி இரவு வரிசையில் நின்று சரிபார்க்காமல், ஒரு நாள் முன்னதாக மதிய நேரத்தில் பார்த்துவிடுங்கள். ஊழியர்களுக்கான அன்பளிப்புத் தொகை நாள் கணக்கில் அதில் தானாகவே சேர்ந்திருக்கலாம். காலையில் சீக்கிரமே அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். வாசலருகே கூட்டத்தில் நிற்காமல், முதலில் சொன்ன காலியான லவுஞ்ச் ஒன்றில் அம்மாவை உட்காரவைத்து, உங்கள் முறை வந்ததும் கிளம்புங்கள்.

இப்போது அம்மாவின் தலைசுற்றலும் கேபினும். இரண்டுக்கும் ஒரே பதில்தான்: நடுப்பகுதியில், கூடியவரை கீழ்த்தளத்தில் உள்ள அறை. கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது நடுப்பகுதிதான் குறைவாக அசையும். பக்கவாட்டில் சாயும்போது உயரமான தளங்கள்தான் அதிகம் ஆடும். அடியில் இறக்கைபோல நீட்டும் நிலைநிறுத்திகள் இருந்தாலும் அவை பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும், முன்பின் ஆட்டத்தைக் குறைப்பதில்லை. தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பலருக்குத் தலைசுற்றல் குறையும் என்பதால் ஜன்னலாவது இருக்கும் அறையாகப் பாருங்கள். குமட்டல் மருந்தை ஆட்டம் தொடங்கிய பிறகு போடுவதைவிட முன்னதாகப் போடுவதுதான் பலன் தரும். அம்மாவின் வயதில் சில மருந்துகள் தூக்கக் கலக்கத்தையும் குழப்பத்தையும் தரக்கூடும், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடும் ஒத்துப்போக வேண்டும். அதனால் கிளம்பும் முன் அவரது மருத்துவரையே கேட்டுவிடுங்கள்.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது கப்பலின் தள வரைபடத்தைத் திறந்து, உங்கள் அறைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டிலும் பயணிகள் அறைகளே இருந்தால் சரி. மேலே குளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம், கீழே அரங்கம் என்றால் நள்ளிரவு வரை அதிர்வு. வரைபடத்தில் எதுவும் எழுதாமல் வெறுமையாக விட்டிருக்கும் இடங்கள் பெரும்பாலும் ஊழியர்களின் வேலைப்பகுதிகள், அங்கே தள்ளுவண்டி ஓட்டம் இருக்கும். பக்கத்து அறையோடு இணைப்புக் கதவு உள்ள அறையில் பேச்சுச் சத்தம் கேட்கும். அந்தப் பக்கத்து அறை அம்மாவுடையதாக இருந்தால் மட்டும் அது வசதி. லிஃப்ட்டுக்கு எதிரே வேண்டாம், ஆனால் அம்மா நடக்க வேண்டியிருப்பதால் நான்கைந்து அறை தள்ளி இருந்தால் போதும். விலை குறைவு என்று ‘அறையை நிறுவனமே ஒதுக்கும்’ வகையை வாங்கிவிடாதீர்கள், நடுப்பகுதி கிடைக்கும் என்பதற்கு அதில் உறுதி கிடையாது. நடுப்பகுதிக் கீழ்த்தள அறைகள் சீக்கிரம் போய்விடும். பார்க்கிங்கை அடுத்த வாரம்கூடப் பார்த்துக்கொள்ளலாம், அறையை இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள்.